திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில்

கீழ்ப்பெரும்பாக்கம், விழுப்புரம்
9 ஜூன் 2024

சேசு மரியாயே துணை

அன்புள்ள அமல்ராணி அக்காவுக்கு,

ஜாக்குலின் எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிரியாவும் நன்றாக இருக்கிறோம். உன் முழங்கால் வலியும் டோமினிக் மாமாவின் சர்க்கரையும் எந்த மட்டில் இருக்கின்றன?

கடிதம் என்றதும் யாருக்கு என்னவோ என்று பயந்துவிடாதே. திண்டிவனத்தில் இருக்கிற அக்காவுக்கு, கையில் போனை வைத்துக்கொண்டு தபாலில் எழுதுகிற பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காரணம் இருக்கிறது. ஈஸ்டருக்கு முன்னால் ஹாலில் கேமரா மாட்டியது உனக்குத் தெரியும். அதற்குக் காதும் வாயும் உண்டு என்று நான் உனக்குச் சொல்லவில்லை. வீட்டில் நின்று போனில் பேசினால் குவைத்தில் என் வீட்டுக்காரருக்குக் கேட்கிறது. குனிந்து மெசேஜ் தட்டினால், "யாருக்கு இவ்ளோ நீளமா அடிச்சிக்கினு இருக்க?" என்று சுவரிலிருந்து குரல் வரும். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். மொட்டை மாடியில் நின்று பேசலாம் என்றால், அவர் கூப்பிடும்போது லைன் பிஸியாக இருக்கும். அப்புறம் அதற்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் போனைக் கீழே சார்ஜில் போட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வைஃபை இங்கே எட்டாது.

குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. சின்னக் குழந்தையோடு நான் தனியாக இருக்கிறேன் என்று அவருக்குப் பயம். மாட்ட வந்தவர் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார், பிளக் அங்கேதான் இருக்கிறது. சாயங்காலம் ஜெபமாலை சொல்ல முழங்கால் போட்டால் நேர் எதிரே அதுவும் இருக்கிறது. அவரும் அங்கிருந்தே சேர்ந்து சொல்கிறார். அவருடைய "ஆமென்" வந்து சேர்வதற்குள் நான் அடுத்த மணிக்குப் போய்விடுகிறேன். எங்களைத்தான் பார்க்கிறாரே, அதனால் வீடியோ கால் போடுவதை விட்டுவிட்டார். அறையில் ஆட்கள் ஷிப்டு முடிந்து தூங்குகிறார்களாம், விளக்குப் போட முடியாதாம். அவர் முகம் பார்த்து மாதக்கணக்காகிறது.

பிரியாவுக்கு ஊட்டும்போது நான் கதை கட்டுவேனே. இப்போது நம் ஜங்ஷனில் ஒரு காக்கா வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. எந்த ரயில் எந்தப் பிளாட்பாரம் என்று அறிவிக்கிற வேலை. ஹாலில் அந்தக் கதை வாயில் வரவில்லை அக்கா. மாடிக்கு வந்தால் வருகிறது.

மாமா உன்னை, எங்கே போனாய் என்று கேட்பாரா? சும்மாதான் கேட்கிறேன். பதிலைக் கீழ்வீட்டுச் சித்ரா அக்கா பெயருக்குப் போடு.

உன் தங்கை
ஜாக்குலின்


திண்டிவனம்
20 ஜூன் 2024

என் அருமை ஜாக்குலினுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரருக்கே ஆச்சரியம். வங்கி நோட்டீசைத் தவிர வேறு எதையும் அவர் இந்தத் தெருவில் கொடுத்து வருஷமாகிறது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நாள் முழுக்க ஓமந்தூர்ப் பக்கம் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிற நர்சுக்கு முழங்கால் வலிக்காமல் மூக்கா வலிக்கும்?

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உன் மாமா ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரே ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறோம். அவர் போனில் யாரோ சமைக்கிறார்கள், யாரோ கிணற்றில் குதிக்கிறார்கள், யாரோ பந்து போடுகிறார்கள். போன வாரம் நான் கொடுத்த காப்பியில் சர்க்கரை இல்லை, உப்புப் போட்டிருந்தேன். குடித்துவிட்டார். நான் வீட்டில் இருக்கிறேனா இல்லையா என்பது கரண்ட் போனால்தான் அவருக்குத் தெரியும்.

ஆகவே எனக்கு உன்மேல் கொஞ்சம் பொறாமைதான். கடல் தாண்டி இருக்கிற மனுஷன் பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிறார். அதைப் போய்ப் பெரிதுபடுத்தாதே. பழகிப்போகும். குழந்தைக்கு என் முத்தம். காக்காவின் சம்பளம் எவ்வளவு என்று எழுது.

அக்கா
அமல்ராணி


விழுப்புரம்
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பிரியாவுக்குச் சளி இருந்தது, இப்போது இல்லை. உனக்கும் மாமாவுக்கும் உடம்பு தேவலாமா?

உன் கடிதத்தைப் படித்து, பழகிக்கொள்ளத்தான் பார்த்தேன். போன ஞாயிறு ஒன்று நடந்தது. அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் அன்புச்செல்வன் லீவில் வந்திருக்கிறார், கண்டாச்சிபுரத்துக்காரர். என் வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழமும் கோடாலித் தைலமும் கொண்டுவந்தார். மரியாதையான ஆள். தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு நானும் ஒரு டம்ளரோடு உட்கார்ந்தேன். அன்புச்செல்வன் கேட்டார்: "இன்னாங்க அண்ணி, எவர்சில்வர்ல குடிக்கிறீங்க? உங்க பச்ச கிளாஸ் ஒடஞ்சிப் போச்சுங்களா?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் தப்பாகச் சொல்லவில்லை. சொந்த வீட்டு விஷயத்தை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். போகும்போது, "பாப்பா அந்த மஞ்ச கவுன போட்டா ஜோரா இருக்குதுங்க, நாங்க எல்லாரும் சொல்லிக்குவோம்" என்றார். எல்லாரும் என்றால் அந்த அறையில் இருக்கிற எட்டு பேரும். நான் தலை துவட்டுவதை, தரையில் காலை நீட்டிச் சாய்வதை, தனியாகப் பேசிக்கொள்வதை யார் யார் பார்த்தார்களோ.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அவங்கள்லாம் கூடப் பொறந்தவங்க மாதிரி ஜாக்கு. ஊரு ஞாபகத்துல பாக்கறாங்க. இதுல இன்னா இருக்குது?" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிரியா கதை கேட்டாள். ஹாலில் ஆரம்பித்தேன். காக்கா பாண்டிச்சேரி வண்டியை அறிவித்ததும் சுவரிலிருந்து அவர், "காக்காவுக்கு யூனிபாரம் உண்டா?" என்றார். பின்னால் நாலைந்து பேர் சிரித்தது கேட்டது. நல்ல மனதோடு சிரித்தார்கள். எனக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. குழந்தைக்குப் போனில் கார்ட்டூன் போட்டுவிட்டேன்.

ஜாக்குலின்


திண்டிவனம்
19 ஜூலை 2024

ஜாக்குலினுக்கு,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை. படித்த கையோடு எழுதுகிறேன்.

பழகிப்போகும் என்று எழுதினேனே, அந்தக் கையில் ஒரு போடு போட வேண்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். உன் வீட்டுக்காரர், தம்பி ஸ்டீபன்ராஜ், கெட்டவர் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் நீ என்ன மியூசியத்துப் பொம்மையா? நேராகச் சொல்: பார்க்க வேண்டும் என்றால் நீங்கள் மட்டும் பாருங்கள், நேரம் சொல்லிவிட்டுப் பாருங்கள், மீதி நேரம் அணைத்து வையுங்கள். கேட்காவிட்டால் ஒரு துணியைப் போட்டு மூடு. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. நம் அம்மா பெற்ற பிள்ளையா நீ?

அக்கா


விழுப்புரம்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாதா பரலோகத் திருநாள் நன்றாக நடந்தது. பிரியா நலம். நானும் நலம் என்று எழுதிவிடுகிறேன்.

நீ சொன்னபடி செய்தேன். திருநாளுக்கு ஒட்டடை அடிக்கும்போது கேமராவின் மேல் துண்டைப் போட்டேன். வேலை முடிந்த பிறகும் எடுக்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும், "எதுக்கு மூடின?" என்றார். "வேலையா இருந்தேங்க, கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாம்னு" என்றேன். "மறைக்கறதுக்கு இன்னா இருக்குது நம்ம வீட்டுல?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

அப்புறம், தினமும் நாலரைக்கு மேல் ஒரு மணி நேரம் ஹாலில் உன்னைக் காணோமே, போனும் சார்ஜிலேயே கிடக்கிறதே, எங்கே போகிறாய் என்றார். மாடிக்கு என்றேன். மாடியில் என்ன என்றார். கதை சொல்கிறேன் என்று சொன்னால் நம்புவாரா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த ஒரு நிமிஷம்தான் கெடுத்தது. அதற்குமேல் ஒன்று கேட்டார். புருஷன் பெண்டாட்டியைக் கேட்கக் கூடாதது. அதை இங்கே எழுத மாட்டேன்.

துண்டை எடுத்துவிட்டேன். இப்போது ஹாலிலேயே இருக்கிறேன். பிரியா கேமராவின் கீழே நின்று, "அப்பா, அம்மா கத சொல்ல மாட்டேங்கறா" என்று புகார் செய்கிறாள். அவளுக்கு அப்பா என்றால் அந்த இடம்தான்.

அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீ அவரிடம் எதுவும் பேசாதே. உன் கோபம் எனக்குத் தெரியும். நீ பேசினால், நான் உன்னிடம் சொன்னேன் என்று ஆகிவிடும்.

ஜாக்குலின்


திண்டிவனம்
22 செப்டம்பர் 2024

அன்பு ஜாக்குலினுக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. காய்ச்சல் முகாம், ஊர் ஊராகச் சுற்றினேன். அது மட்டும் காரணம் இல்லை. வேண்டாம் என்று நீ சொன்னதை நான் செய்துவிட்டேன். முடிவு நன்றாக வந்தபிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன், வந்துவிட்டது.

தம்பிக்குப் போன் போட்டேன். மாடியில் யாரைப் பார்க்கப் போகிறாள் என்று நீங்கள் கேட்டது எனக்குத் தெரியும், அவள் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன் என்றேன். குழந்தைக்குக் கதை சொல்லத்தான் மாடிக்குப் போகிறாள், ஆட்கள் சிரித்ததால் ஹாலில் அவளுக்கு வாய் வரவில்லை என்றேன். காக்கா கதையைக்கூட எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். "கதையாங்க அண்ணி? இதுதான் விஷயமா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்று அழுகிற மாதிரி சொன்னார். "இனிமே அவள அப்படிக் கேக்க மாட்டேங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்தாயா? மனுஷனுக்கு மனுஷன் வாய்விட்டுப் பேசினால் தீராதது எதுவும் இல்லை. இப்போது மாடிக்குப் போகிறாய்தானே? காக்கா என்ன ஆயிற்று?

உன் அக்கா


விழுப்புரம், கோயில்
6 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

பூசை முடிந்து கோயில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனி எழுதுவதற்கு எனக்கு இந்த இடம்தான்.

அவர் பார்த்துக்கொண்டுவிட்டார். போன வெள்ளிக்கிழமை ஆள் வந்து மாடியில் இன்னொரு கேமரா மாட்டிவிட்டுப் போனான். வெயிலில் தானே சார்ஜ் ஆகுமாம், சிம் கார்டு போட்டது, வைஃபை வேண்டாமாம். தண்ணீர்த் தொட்டித் தூணில் இருக்கிறது. "நானும் கத கேக்கறேன் ஜாக்கு. சத்தியமா நடுவுல பேச மாட்டேன். இவனுங்க யாரையும் பாக்க விட மாட்டேன், காதுல வயரு மாட்டிக்கினு கேக்கறேன்" என்றார். ஆசையாகச் சொன்னார் அக்கா. அதற்கு நான் எப்படி வேண்டாம் என்பது?

சந்தேகப்பட்டு வைத்திருந்தால் கழற்றி எறிந்திருப்பேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டாய். கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.

ஜாக்குலின்


திண்டிவனம்
3 நவம்பர் 2024

ஜாக்குலினுக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. நீயும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள்?

நேற்று கல்லறைத் திருநாளுக்கு நீ வரவில்லை. அம்மா அப்பா கல்லறைக்கு நான்தான் சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் மெழுகுவர்த்தி அணையாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டு நிற்பவள் நீ. நேற்றுக் காற்றில் அணைந்துகொண்டே இருந்தது.

போன் போட்டால் "நல்லா இருக்கேங்க்கா" என்கிறாய். என்னை நீ எந்தக் காலத்தில் "ங்க" போட்டுப் பேசினாய்? அவர் கேட்கிறார் என்பதற்காக இவ்வளவு மரியாதையா? வீட்டுக்கு வரலாம் என்றால், அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து என்ன பேசுவது என்று தயக்கமாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது ஜாக்குலின். உனக்கு என்னவாகுமோ என்று இல்லை. ஒன்றுமே ஆகாமல் இப்படியே பழகிவிடுவாயோ என்று.

உன் மாமாவோடு நான் பழகிவிட்டேன். அதனால்தான் சொல்கிறேன்.

அமல்ராணி


விழுப்புரம்
8 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் உயிரோடு பத்திரமாக இருக்கிறீர்கள் என்று உங்கள் பங்குச் சாமியார் இங்கே சொல்லி அனுப்பினார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. உங்கள் பக்கம்தான் மழை கொட்டித் தீர்த்ததாம். வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் வந்தது? நாங்கள் நலம், மெய்யாகவே நலம்.

புயலன்று சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. டவரும் போனது. மாடிக் கேமராவைக் காற்று எங்கே கொண்டுபோனதோ, தூணில் வயர் மட்டும் தொங்குகிறது. கீழ்வீட்டில் தண்ணீர் ஏறியதும் சித்ரா அக்கா குடும்பம் முழுக்க எங்கள் ஹாலுக்கு வந்துவிட்டது. அடுத்த சில நாட்கள் கேப்பைக் கூழும் வறுத்த மல்லாட்டைக் கடலையும்தான். பிரியா கதை கேட்டாள். சுவரைப் பார்த்தேன், கேமராவில் எரிகிற அந்தச் சிவப்புப் புள்ளி இல்லை. ஆரம்பித்தேன்.

தண்டவாளம் முழுகிப் போச்சு, காக்கா ஒவ்வொரு ரயிலாகப் போய் "இன்னிக்கு லீவு, எங்கேயும் போகாதே, தூங்கு" என்று சொல்கிறது. சித்ரா அக்காவின் வீட்டுக்காரர் தென்னரசு அண்ணன் படுத்தபடியே, "சரக்கு வண்டி கேக்காதும்மா, அது முரடு" என்றார். அதையும் சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம் கோயில் ஜெனரேட்டரில் போனுக்குச் சார்ஜ் ஏற்றினேன். போட்ட உடனே அவர்தான். போலீஸ், சாமியார், அன்புச்செல்வன் வீடு, எல்லாருக்கும் அடித்திருக்கிறார். "போன்ல கருப்பா இருந்துச்சு ஜாக்கு. சுத்திக்கினே இருந்துச்சு. நீங்க உள்ள இருக்கீங்களா இல்லியான்னே தெரியல" என்று அழுதார். நானும் அழுதேன். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். தண்ணீர் படியேறியது, சித்ரா அக்கா வந்தது, கூழ், சரக்கு வண்டி, எல்லாம். நான் நிறுத்தும்போதெல்லாம் "அப்புறம்?" என்றார். கேமரா வந்த நாளிலிருந்து அவரிடம் சொல்ல எனக்கு ஒரு செய்தியும் இருந்ததில்லை. எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே பார்த்திருப்பார்.

மாடிக் கேள்விக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு வருகிறார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டாராம். அவர் வந்ததும் முகத்துக்கு நேரே சொல்லப்போகிறேன்: ஒன்று நான், இல்லாவிட்டால் கேமரா.

உன்மேல் கோபம் போய்விட்டது. நீயும் என்மேல் வைத்துக்கொள்ளாதே.

ஜாக்குலின்


திண்டிவனம்
15 டிசம்பர் 2024

அன்பு ஜாக்குலினுக்கு,

இங்கே கட்டில் வரைக்கும் தண்ணீர். பீரோ போச்சு, மிக்ஸி போச்சு, உன் மாமாவின் போனும் போச்சு. இரண்டு நாள் மொட்டை மாடியில் தார்ப்பாயின் கீழே உட்கார்ந்திருந்தோம். முதல் நாள் அவர் கை சும்மாவே சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள், "உனக்கு முட்டி வலிக்குதாடி?" என்றார். பத்து வருஷ வலி. புதுப் போன் வாங்கும்வரை இந்தச் சுகம் எனக்கு உண்டு.

தம்பி வந்து இறங்கினதும் சண்டைக்கு நிற்காதே. வயிறு நிறையச் சோறு போடு, தூங்கவிடு. ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதே.

அக்கா


விழுப்புரம்
29 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் மாமாவுக்கும் பிறப்புப் பெருவிழா வாழ்த்துகள். இங்கே மூன்று பேரும் உடம்பு நலம்.

திங்கட்கிழமை காலையில் அவர் வந்தார். ஆளே பாதியாகிவிட்டார். முன் தலையில் முடி இல்லை, தாடி நரைத்திருக்கிறது. சுவரில் இருக்கிற கல்யாணப் போட்டோவைக் காட்டி இவர்தான் என்றால் நானே யோசிப்பேன். தோள் பையைக்கூட இறக்காமல், "பாப்பா" என்று இரண்டு கையையும் நீட்டினார். பிரியா என் பின்னால் போனாள். அப்புறம் ஓடிப்போய்த் திரு இருதயப் படத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "அப்பா, யாரோ ஒரு மாமா நம்ம வீட்டுக்குள்ள வந்துட்டாரு. நீ ஜல்தி வா."

அவர் நீட்டின கையை அப்படியே வைத்திருந்தார். "நான்தான்டா அப்பா" என்றார். அவள் வீறிட்டாள். "அப்பா, இவரு பொய் சொல்றாரு" என்று கேமராவிடம் கத்தினாள். நான் தூக்கினேன், என் கையிலிருந்து திமிறிக்கொண்டு மறுபடி அதன் கீழேயே போய் நின்றாள்.

நான் சொல்வதற்கு ஆயத்தம் செய்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் எனக்கு நினைவில் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். பையை இறக்கி வைத்துவிட்டுப் படியிறங்கி கேட்டுக்கு வெளியே போனார். திரும்பிப் போகிறாரோ என்று ஜன்னலுக்கு ஓடினேன். தெருவில் வேப்பமரத்தடியில் நின்று போனை எடுத்தார். ஜன்னல் வழியாக ஒரு தரமும், கொஞ்சம் பிந்திச் சுவரிலிருந்து ஒரு தரமும் அவர் குரல் எனக்குக் கேட்டது.

"பாப்பா, பயப்படாத கண்ணு. அந்த மாமா நல்லவருதான். வந்தா உள்ள ஒக்கார சொல்லு."

"சரிப்பா" என்றாள். அழுகையை நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ எப்ப வருவ?"

அவர் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு மரத்தில் சாய்ந்தார். பிரியா காத்திருந்தாள். அப்புறம், "வந்துக்கினே இருக்கேன்" என்றார்.

மத்தியானம் சோறுகூடச் சாப்பிடாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஏணி போட்டார். கேமராவைக் கழற்றத்தான். நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றேன். எத்தனை மாதமாக நான் ஆசைப்பட்டது அதுதானே, ஆனாலும் வேண்டாம் என்றேன். அதைக் கழற்றினால் அவளுக்கு அப்பா இல்லாமல் போய்விடும் அக்கா.

இப்போது தினமும் காலையில் அவர் தெருவில் நின்று கேமரா வழியாக அவளோடு கொஞ்ச நேரம் பேசுகிறார். அந்த மாமாவோடு சேர்ந்து சாப்பிடு, அந்த மாமாவிடம் உன் பொம்மையைக் காட்டு என்று சொல்கிறார். பிறகு படியேறி வந்து, மாமாவாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்துகொள்கிறார். நேற்று அவள் பொம்மையைக் காட்டினாள். லீவு ஜனவரி கடைசி வரைக்கும்தான்.

இதை ஹாலிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் வெளியே நிற்கிறார். பிரியா ஸ்டூலில் ஏறிக் கேமராவைத் தடவிக்கொண்டு, மாமா தனக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தார் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் "அப்புறம்?" என்று கேட்கிறார்.

உன் தங்கை
ஜாக்குலின்